ஆர்ச்சுக்கு உள்ளே விழுந்த தண்ணீர்

ஜூலை இருபத்தேழு, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து ஐம்பது. சாரல். செங்கோட்டைப் பக்கமிருந்து வந்த காற்று என் குடையை மடக்கப் பார்த்தது. குற்றாலம் மெயினருவியில் தண்ணீர் ஆர்ச்சுக்கு உள்ளே விழுந்துகொண்டிருந்தது. ஆர்ச் என்பது அருவிக்கு முன்னால் கட்டியிருக்கும் வளைவு. தண்ணீர் அதைத் தாண்டி விழுந்தால் போலீஸ் குளிக்க விடாது. உள்ளே விழுந்தால் பயமில்லை. பாறையில் செதுக்கியிருக்கும் லிங்கங்களில், நான் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து மூன்றுதான் தெரிந்தன. மற்றவற்றைத் தண்ணீர் மூடியிருந்தது. ஆண்கள் பக்கம் முப்பத்தெட்டுப் பேர், பெண்கள் பக்கம் இருபதுக்கு மேல் இருக்கும், நனைந்து நகர்ந்துகொண்டே இருந்ததால் சரியாக எண்ண முடியவில்லை. போலீஸ்காரர் இரண்டு பேர். தடை கிடையாது.

இவ்வளவையும் கைப்பேசியில் தட்டி, ஒரு படமும் எடுத்து, எங்கள் குழுவில் போட்டேன். அப்போது மணி ஆறு எட்டு.

குழுவின் பெயரை எழுதப் போவதில்லை. சமூக வலைத்தளத்தில் தென்காசிக்காரர்களும், குற்றாலத்தின் மேல் பித்துப் பிடித்த வெளியூர்க்காரர்களும் சேர்ந்து வைத்திருக்கும் குழு. அன்றைய கணக்கில் பதினாலாயிரத்துச் சொச்சம் பேர். முக்கால்வாசிப் பேர் ஊரில் இல்லாதவர்கள். மஸ்கட், ஷார்ஜா, சென்னை, புனே. ஜூன் பிறந்ததும் ஒவ்வொருவராக வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள். சாரல் ஆரம்பித்துவிட்டதா? தண்ணீர் எப்படி?

நான் கருவூலத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எண்ணாமல் இருக்கத் தெரியாது. பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். கல்யாண வீட்டில் பந்தியை எண்ணுவேன். என் மனைவி இதைக் கேட்பதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. மகன் வெளிநாட்டிலிருந்து வாரம் ஒரு முறை கூப்பிடுவான். நான் அருவியைப் பற்றித் தொடங்கினால், "சரிப்பா, அம்மாட்ட குடுங்க" என்பான். நல்ல பையன்தான். அவனுக்கு அங்கே ராத்திரி.

தென்காசியிலிருந்து முதல் டவுன் பஸ்ஸில் குற்றாலம் போய் அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்புவது நெடுநாள் பழக்கம். குளிப்பதை டாக்டர் நிறுத்திவிட்டார், பார்ப்பதை நிறுத்தவில்லை. நாலு வருஷத்துக்கு முன் ஒரு நாள், குழுவில் யாரோ வழக்கமான கேள்வியைக் கேட்டு, ஒருவரும் பதில் சொல்லாமல் கிடந்தது. நான் அப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். நாலு வரி எழுதினேன். எத்தனை லிங்கம் தெரிகிறது, ஆர்ச்சுக்கு உள்ளேயா வெளியேயா, கூட்டம் எவ்வளவு, தடை உண்டா. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் விருப்பம் தெரிவித்தார்கள். மறுநாள் நான் எழுதுவதற்குள், "அண்ணாச்சி, ரிப்போர்ட் எங்க?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். என் வாழ்க்கையில் நான் எண்ணியதை ஒருவர் காத்திருந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு, காய்ச்சலில் கிடந்த மூன்று நாளைத் தவிர, சீசனில் ஒரு நாளும் விட்டதில்லை. நான் முகம் பார்த்திராத ஆட்களின் வழக்கங்கள் எனக்குத் தெரிந்துபோயின. ரியாத்தில் ஒரு நர்ஸ், ராத்திரி டியூட்டி முடித்து என் நாலு வரியைப் படித்துவிட்டுத்தான் படுப்பாள். சென்னையில் ஒருவர், எதை எழுதினாலும் "மண்வாசனை வருது அண்ணாச்சி" என்பார், மழையே இல்லை என்று எழுதினாலும். ஒரு முறை எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் எழுதவில்லை. அறுபத்தொரு பேர் விசாரித்தார்கள். மஸ்கட்டில் இருக்கும் ஒருவர் மேலகரத்திலிருக்கும் தன் தம்பியை அனுப்ப, அந்தத் தம்பி மழையில் தேடிப் பிடித்து என் வீட்டு வாசலில் வந்து நின்றார், கையில் இட்லிப் பொட்டலத்தோடு. என் மனைவி அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். அவர் போன பின்னால், "இது யாரு உங்களுக்கு?" என்று கேட்டாள். சொந்தக்காரர்களில் அந்த மூன்று நாளில் எட்டிப் பார்த்தவர் யாருமில்லை என்பதையும் எண்ணி வைத்திருந்தேன்.

அந்தக் குழுவில் இல்லாமலே, அந்தக் குழுவால் பிழைக்கவோ கெடவோ வேண்டியிருந்தவள் ஒருத்தி இருந்தாள். பஸ் இறங்கி அருவிக்குப் போகும் வழியில், முதல் வளைவில் பழக்கடை போட்டிருந்தாள். இலத்தூர்க்காரி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். சீசனில் மட்டும் கடை. மங்குஸ்தான், ரம்புட்டான், பேரிக்காய். செங்கோட்டையில் கேரளாச் சரக்கு இறங்கும் இடத்தில் போய் எடுத்து வருவாள். இருபத்திரண்டு சீசனாக அதே இடம். குளித்துவிட்டு வருகிறவனுக்குப் பசி கிளம்புகிற தூரத்தில் அந்த இடம் இருந்தது. அதனால்தான் அதற்கு அவ்வளவு கிராக்கி. காலையில் பஸ் இறங்கியதும் அவள் முகத்தில்தான் முழிப்பேன். "அண்ணாச்சி, ஒரு வாய் போட்டுப் பாருங்க" என்று ஒரு மங்குஸ்தானை உள்ளங்கையில் அமுக்கி உடைத்து நீட்டுவாள். அவள் உடைக்கும் முன்பே ஓட்டின் அடியில் இருக்கும் பூ இதழ்களை எண்ணி உள்ளே எத்தனை சுளை என்று நான் சொல்வதைக் கேட்டுச் சிரிப்பாள்.

கடைகள் போடும் அந்த வரிசையை ஒருவர் மொத்தமாக ஏலம் எடுத்து, துண்டு துண்டாகக் கைமாற்றி விடுவார். வாடகையில் பாதியைச் சீசன் தொடக்கத்திலும், மீதியை நடுவிலும் கட்ட வேண்டும். அந்த வருஷம் மீதியைக் கட்ட வேண்டிய கெடு ஜூலை இருபத்தொன்பது, செவ்வாய்க்கிழமை. கட்டவில்லை என்றால் இடம் நேந்திரங்காய் சிப்ஸ் போடும் ஒரு ஆளுக்குப் போகும். அவர் முழுப் பணத்தோடு காத்திருந்தார். இடம் ஒரு முறை கைமாறினால் மாறியதுதான், அடுத்த சீசனுக்குத் திரும்பக் கிடைக்காது.

அந்த ஜூலையில் சாரல் ஏமாற்றியது. வானம் மூடும், காற்று வரும், தண்ணீர் வராது. ஒன்பது லிங்கம், பத்து, பன்னிரண்டு என்று தினம் தினம் பாறை வெளியே வந்தது. நான் பார்த்ததை எழுதினேன். "நூல் மாதிரி விழுகிறது. குடும்பத்தோடு வருகிறவர்கள் யோசித்து வரவும்." கீழே எல்லாரும் நன்றி சொன்னார்கள். மதுரையிலிருந்து வேன் பிடித்திருந்தவர், உங்களால் பணம் மிச்சம் என்று எழுதினார்.

இது எப்படியோ அவள் காதுக்குப் போயிற்று. ஒரு காலை பஸ் இறங்கியபோது அவள் பழத்தை நீட்டவில்லை.

"அண்ணாச்சி, நீங்கதான் தண்ணி இல்லன்னு எழுதுதியளாமே?"

"இல்லைன்னா இல்லைன்னுதானம்மா எழுதணும்."

"யாரு எழுதச் சொல்லுதா? உங்களுக்குச் சம்பளமா குடுக்காவ?"

"கேக்காங்க, சொல்லுதேன்."

"எங்கிட்டயும்தான் தெனம் கேக்காவ, பழம் இனிப்பான்னு. எல்லாப் பழத்துக்குமா நான் உள்ளதச் சொல்லுதேன்?" பக்கத்து இளநீர்க்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "நீங்க பொய் எழுத வேண்டாம். சும்மா இருங்களேன். ஒரு வாரம் வாயப் பொத்திட்டு இருந்தா உங்க ஆளுக செத்தாப் போவாவ?"

"அது முடியாதும்மா."

"பாக்கதை எல்லாம் எழுதுதிய. இங்கன எம்பழம் அழுகுதே, அதையும் எண்ணி எழுதுங்க."

நான் எண்ணத்தான் செய்தேன். கடைக்குக் கீழே ஒதுக்கி வைத்திருந்த பெட்டியில், ஓடு கல்லாக இறுகிப்போன மங்குஸ்தான் எழுபத்துமூன்று. அதை எழுதவில்லை. குழுவில் அதைக் கேட்டவர் யாருமில்லை.

வீட்டில் சொன்னேன். என் மனைவி கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். "அவ சொல்லுததுல என்ன தப்பு? ஊரு ஒலகத்துல அருவியில தண்ணி விழுந்தா உங்களுக்கென்ன, விழாட்டா உங்களுக்கென்ன? ஏன் இப்படிக் கெடந்து அடிச்சுக்கிடுதிய?" என்றாள். பதினாலாயிரம் பேர் நம்பியிருக்கிறார்கள் என்றேன். "பதினாலாயிரம் பேரும் வந்து நின்னா நான் எங்கன போய் காபி போட?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி மலையில் மழை பிடித்தது. சனிக்கிழமை காலை ஏழு லிங்கம். சாயந்திரம் ஐந்து. நான் எழுதியதைப் பார்த்துக் குழுவே கொண்டாடியது. மறுநாள் ஞாயிறு. திருநெல்வேலி, விருதுநகர், ராஜபாளையம், மதுரை என்று எல்லாப் பக்கமிருந்தும் கிளம்பப் போவதாக எழுதினார்கள். அவளிடமும் சொன்னேன். அன்று சாயந்திரமே செங்கோட்டைக்குப் போய், கடனுக்குப் பதினான்கு பெட்டி எடுத்து வந்துவிட்டாள். கையில் சேர்த்து வைத்திருந்ததோடு ஒரு முழு ஞாயிறு வியாபாரமும் சேர்ந்தால் மீதி வாடகையைக் கட்டிவிடலாம் என்பது அவள் கணக்கு. நானும் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது.

அப்படித்தான் ஞாயிறு காலை ஐந்து ஐம்பதுக்கு நான் அங்கே குடையோடு நின்றேன்.

ஆறு நாற்பதுக்குக் குழுவில் ஒரு காணொளி வந்தது. செம்மண் நிறத்தில் தண்ணீர் ஆர்ச்சை உடைத்துவிடுவதுபோலத் தாண்டிக் குதிக்கிறது. அபாயச் சங்கு அலறுகிறது. ஆட்கள் துண்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மாள் போட்டிருந்தாள். "சொந்தங்களே, இன்று குற்றாலத்தில் காட்டாற்று வெள்ளம். யாரும் கிளம்ப வேண்டாம். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் தயவுசெய்து திரும்புங்கள்." கை கூப்பும் படம் ஐந்து.

அது பழைய காணொளி. கைப்பிடிக் கம்பிகள் அதில் பச்சை நிறத்தில் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு எவர்சில்வர் கம்பி போட்டு எவ்வளவோ நாளாகிறது. ஒவ்வொரு சீசனிலும் இது எங்கிருந்தோ ஒரு முறை கிளம்பி வரும். உடனே கீழே எழுதினேன். "இது இன்றையது அல்ல. நான் அருவிக்கு முன்னால் நிற்கிறேன். தண்ணீர் ஆர்ச்சுக்கு உள்ளே விழுகிறது."

நான் எழுதியதற்கு மேலேயும் கீழேயும் பதில்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. எல்லாம் அக்கறை. "கிளம்பிட்டோம், ராஜபாளையத்தில் திரும்புகிறோம், நன்றி சகோதரி." "என் தங்கச்சி குடும்பம் போயிருக்கு, யாராவது பார்த்தீங்களா?" "கடவுள் காப்பாத்தினார்." ரியாத் நர்ஸ்கூட எழுதினாள். "அண்ணாச்சி, நீங்க பத்திரமா வீட்டுக்குப் போங்க." நான் பத்திரமாகத்தான் இருக்கிறேன், இங்கே தடையே இல்லை என்று அவளுக்கு எழுதினேன். ஒருவர் நடுவில் வந்து, "ஐயா, உயிர் விஷயம். பொறுப்பில்லாமல் எழுதாதீர்கள்" என்றார். இன்னொருவர், "பெரியவருக்கு அங்க லாட்ஜ் ஏதும் இருக்கா?" என்று கேட்டார். அதற்கு முப்பத்தாறு பேர் சிரிப்புப் போட்டிருந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் எனக்குக் காய்ச்சல் வந்தபோது விசாரித்தவர்கள்.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் தொள்ளாயிரம் பேர் அந்தக் காணொளியைப் பகிர்ந்தார்கள். அந்தக் கோயம்புத்தூர் அம்மாளைத் திட்டக்கூட எனக்கு வாயில்லை. என் இடத்தில் நின்று அருவியைப் பார்க்காத யாருக்கும், ஓடும் குழந்தைகளைப் பார்த்தால் நடுங்கத்தான் செய்யும். என் படத்தில் தண்ணீர் சாதுவாக விழுந்தது. சாதுவான படத்தை யார் பகிர்வார்கள்?

எட்டரை மணிக்கு அவள் கடைப் பக்கம் வந்தேன். பெட்டிகளைத் திறந்து அடுக்கியிருந்தாள். சாலை சாதாரணச் செவ்வாய்க்கிழமைபோல இருந்தது.

"என்ன அண்ணாச்சி, ஆளையே காணோம்? மணி எட்டரை ஆயிட்டு."

சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. கைப்பேசியில் காட்டினேன். முழுதும் பார்த்தாள்.

"இது என்னைக்கு உள்ளது?"

"பழசு."

"பழசுன்னு சொல்லுங்களேன்!"

"சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்காங்க."

"தண்ணி இல்லன்னு நீங்க சொன்னப்ப மட்டும் நம்பினாவ?"

நான் கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

குழுவை நிர்வகிப்பவர் சென்னையில் இருக்கிறார். பூர்வீகம் நம்ம பக்கம்தான். நாற்பது வயதுக்குள் இருக்கும். எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி! நீங்களா? உங்க குரல இப்பத்தான் கேக்கேன். நம்ம குழுவுக்கே நீங்கதான் தூண்!"

காணொளியை எடுக்கச் சொன்னேன்.

"எடுத்தா சண்டைக்கு வருவாவ. நாளைக்கு எவனாவது வழுக்கி விழுந்தா, நீதான்லே மறைச்சேன்னு எம்மேல பாய்வாவ."

"அப்ப என் ரிப்போர்ட்ட மேல நிறுத்தி வையுங்க. எல்லாருக்கும் முதல்ல தெரியட்டும்."

"அண்ணாச்சி, மேல நிறுத்துததுன்னா அது கடைக்காரவ, லாட்ஜ்காரவ காசு கட்டிப் போடுத இடம். இப்ப ஒரு லாட்ஜ்காரர் பதிவு ஓடுது. அதை எறக்கினா அவருக்கு நான் பதில் சொல்லணும். உங்களுக்குன்னு வேணா குறைச்சுத் தாரேன். மூணு நாளைக்கு ஆயிரத்தைந்நூறு."

"நான் என்ன விக்கேன், தம்பி?"

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி. ஆனா கூட்டம் வந்தா கடைக்காரவங்களுக்குத்தானே லாபம்? கணக்குல அப்படித்தான் வரும்."

பணத்தைக் கைப்பேசி வழியாகவே அனுப்பினேன். ஒன்பது இருபத்தைந்துக்கு என் நாலு வரி குழுவின் உச்சியில் போய் நின்றது. அதன் தலையில் நான் எழுதாத இரண்டு வார்த்தைகள் இருந்தன: கட்டண விளம்பரம். காசு வாங்கிப் போடும் எல்லாப் பதிவுக்கும் அது தானாக விழுமாம். எடுக்க வழியில்லையாம்.

ஒன்பது ஐம்பதுக்குள் அதன் கீழே முதல் ஆள் எழுதிவிட்டார். "ஆகா, அண்ணாச்சியும் விலை போயாச்சா?" மண்வாசனைக்காரர் ஒரு அழும் முகம் மட்டும் போட்டார். நாலு வருஷம் எண்ணி எண்ணிச் சேர்த்ததெல்லாம் போக முப்பது நிமிடம்கூட ஆகவில்லை. நான் நீண்ட விளக்கம் ஒன்று எழுதினேன். அதையும் விளம்பரத்தின் பகுதி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அன்று மாலை வரை உள்ளூர் ஆட்கள் வந்தார்கள். கீழப்பாவூரிலிருந்து ஒரு வேன் வந்தது, அவர்கள் யாரும் எந்தக் குழுவிலும் இல்லாதவர்கள். தண்ணீர் நாள் முழுக்க ஆர்ச்சுக்கு உள்ளேயே, அழகாக விழுந்தது. பதினான்கு பெட்டியில் மூன்றரைப் பெட்டி விற்றது.

மீதி வாடகை முப்பத்தைந்தாயிரம். அதை நானே கட்டிவிடலாமா என்று யோசிக்காமல் இல்லை. ஓய்வூதியத்தில் எங்கள் இரண்டு பேர் மருந்து போக என்ன நிற்கும் என்று திங்கட்கிழமை ராத்திரி இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். என் மனைவி விளக்கை அணைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை நான் ரிப்போர்ட் எழுதவில்லை. ஒன்பது பேர் எங்கே என்று கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை இரண்டு பேர். புதன்கிழமை வேறொருவர் அருவிக்கு முன் நின்று தன் முகத்தோடு ஒரு படம் போட்டு, "சூப்பர் தண்ணி" என்று எழுதினார். நானூறு விருப்பம். எத்தனை லிங்கம் என்று யாரும் கேட்கவில்லை. நான் குழுவிலிருந்து விலகவில்லை. விலகினால் போய் உட்கார வேறு இடம் இல்லை. இப்போதும் காலையில் திறந்து பார்க்கிறேன். ரியாத் நர்ஸ் அந்தப் புதுப் படங்களின் கீழே தினமும் நன்றி எழுதுகிறாள்.

செவ்வாய்க்கிழமை காலை நான் போனபோது, ஏலம் எடுத்தவர் தோல்பையோடு நின்றிருந்தார். "நான் என்ன செய்ய அண்ணாச்சி? நானும் பணம் கட்டித்தான் எடுத்திருக்கேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிப்ஸ்காரர் எண்ணெய்ச் சட்டியை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு, அவள் கடையைப் பிரிக்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

அவள் தார்ப்பாயை உதறி மடித்தாள். பலகை இரண்டு, முக்காலி ஒன்று, தராசு, பெட்டிகள். ஒரு லோடு ஆட்டோவை நான் பேசிக் கொண்டுவந்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. விற்காத பழத்தில் நல்லதாக இரண்டு பெட்டியை என் பக்கம் தள்ளச் சொன்னேன்.

"ரெண்டு பெட்டியா? நீங்க ரெண்டு பேரும் எத்தனை நாளைக்குத் திங்கப் போறிய?"

"குடுக்க ஆள் இருக்கும்மா."

"யாரு, அந்தப் பதினாலாயிரம் பேருக்கா?" என்றாள். பிறகு ஆட்டோவில் ஏறி, பலகை சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "வாரேன் அண்ணாச்சி. மழை பெய்யுது, நனையாம போங்க" என்றாள். ஆட்டோ இலத்தூர் ரோட்டில் திரும்பியது.

பழத்தை எங்கள் தெருவில் பதினோரு வீட்டுக்குக் கொடுத்தோம். அதில் நாலு வீட்டில், எதற்கு என்று கேட்டார்கள். நானும் என் மனைவியும் அதுவரை அந்த வீடுகளுக்குள் போனதில்லை. மிச்சத்தை நாங்கள் தின்றோம். விரலில் ஏறிய சாயம் சோப்புக்குப் போகவில்லை.

"எல்லாமா எவ்வளவு ஆச்சு?" என்று என் மனைவி கேட்டாள்.

குழுவின் உச்சியில் மூன்று நாள் நிற்க ஆயிரத்து ஐந்நூறு. பழம் இரண்டு பெட்டி இரண்டாயிரத்து முந்நூறு. இலத்தூர் வரை லோடு ஆட்டோ அறுநூற்று ஐம்பது. ஆக நாலாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.